நான் சாகடித்த பங்காளிகள்

செங்கல்பட்டு முன்சீப் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் நான் நான்கு பேரைச் சாகடித்திருக்கிறேன். நால்வரும் எங்கள் கட்சிக்காரர் ராஜகோபாலனின் பங்காளிகள். இன்றும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

வழக்கு தொண்ணூற்று நான்கில் வந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ரெபேக்காள் என்பவளின் வீட்டுக்குப் போகும் பாதையை ராஜகோபாலன் வேலி போட்டு அடைத்துவிட்டார், அவள் வழக்குப் போட்டாள். அவள் கணவர் சாலமோன் பக்கவாதம் வந்து நடக்க முடியாதவர். ஆஸ்பத்திரிக்கு என்றால் நாலு பேர் கட்டிலோடு சேற்று வயலில் தூக்கிப்போக வேண்டும். பாதை எங்களுடையதல்ல என்று எங்களுக்கே தெரியும். ஜெயிக்க முடியாத வழக்கை இழுக்கத்தானே முடியும்? ஒன்பது வருஷம் இழுத்தோம். மஞ்சள் காமாலை, முதுகுப் பிடிப்பு என்ற சாக்கெல்லாம் தீர்ந்தபின் சாவுத் தீட்டுக்கு வந்தோம். பங்காளி இறந்துவிட்டார், பத்து நாள் தீட்டு, காரியம் என்று நான் மனு எழுதுவேன். அவர் கையெழுத்துப் போடுவார்.

ரெபேக்காள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பஸ் மாறி வருவாள். "இந்தவாட்டி யாரு பூட்டாங்க, கேசவண்ணா?" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். வெட்கமும் வரும், வீடு போய்ச் சேர்வதற்குள் போய்விடும்.

இரண்டாயிரத்து மூன்று ஜூனில் அச்சுதன் என்ற பங்காளியைச் சாகடித்து இரண்டு வாரம் வாங்கினேன். அடுத்த வாய்தாவுக்கு ராஜகோபாலன் ஒரு தூக்கு நிறைய அதிரசத்தோடு வந்தார். பெருமாள் கோயிலில் குடை பிடிக்கும் உரிமை அவர் குடும்பத்துக்கு. அதைச் சொல்லாமல் பிரசாதம் கொடுக்க அவருக்கு வராது.

"கருட சேவைப் பிரசாதம், எடுத்துக்கோங்கோ. நான்தான் குடை பிடிச்சேன்!" என்று வராந்தா முழுக்கக் கொடுத்தார்.

ரெபேக்காளும் கை நீட்டினாள். "எப்ப சாமி திருவிழா?"

"பதினேழாம் தேதி. என்னமா கூட்டம்!"

நான் மெல்லுவதை நிறுத்தினேன். பதினேழாம் தேதிதான் என் மனுவில் அவர் அச்சுதனுக்குத் தீட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

வழக்கைக் கூப்பிட்டதும் ரெபேக்காள் அதிரசத்தோடு நீதிபதி முன் போய் நின்றாள். "ஐயா, தீட்டுல கோயில்ல கொட பிடிக்கலாமா? பதினேழாம் தேதி இவரு பிடிச்சிருக்காரு. வெளியே எல்லாரும் துன்னுகினு கீறாங்க, கேளுங்க."

நீதிபதி மனுவைப் புரட்டினார். "தீட்டு உண்மையென்றால் கோயிலுக்குச் சொல்லியனுப்புகிறேன். பொய்யென்றால் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். எது?"

கோயிலுக்குத் தெரிந்தால் குடை போய்விடும். ராஜகோபாலன் என்னைப் பார்த்தார். நான் அதிரசத்தைப் பார்த்தேன்.

"தீட்டு இல்லை," என்றார்.

"வழக்கை நடத்த அவகாசம் கேட்கலாம். நடக்கவிடாமல் செய்யக் கேட்டால் அது கோர்ட்டையே ஏமாற்றுவது. இனி வாய்தா கிடையாது. கூண்டில் ஏறுங்கள்."

பத்தே நிமிஷக் குறுக்கு விசாரணையில் பாதை இருந்ததை ஒப்புக்கொண்டார். இதற்குத்தான் ஒன்பது வருஷம்.

தீர்ப்பு வந்து வேலியைப் பிரித்த அன்று, மனசு கேட்காமல் போனேன். ஆட்டோ வாசலிலேயே நின்றது. சாலமோனைத் தூக்கி உட்காரவைக்க நானும் ஒரு கை கொடுத்தேன்.

"ஆஸ்பத்திரிக்கா?" என்று அவரிடம் கேட்டேன்.

"இல்லப்பா, கடலுக்கு. ஆஸ்பத்திரின்னா கட்டில தூக்க நாலு பேர கூப்புடலாம். கடல பாக்கணும்னு கூப்புட முடியுமா? ஒம்போது வருசம் ஆச்சு."