காகிதத்தில் உள்ளபடி

ஆர்லன் நோயாளியாக நடிப்பதற்குக் கூலி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நேராக அக்காள் வீட்டுக்கு வந்துவிடுவான். செருப்பைத் துடைக்காமல் உள்ளே வந்து திட்டு வாங்கிக்கொள்வான். பிறகு மடிக்கணினிக்கு எதிரே போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னிக்கு எனக்கு என்ன கோளாறு, டாக்டரம்மா?" என்று கேட்பான்.

அக்காள் கோரின் டாக்டர் அல்ல. அந்த ஊர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருபது வருஷ நர்ஸ். மொன்டானாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் அந்த ஊரில் மாடு உண்டு, கோதுமை உண்டு, ஆளுக்கொன்றாய்ச் சண்டை போட்டுக்கொள்ள நாலு தேவாலயம் உண்டு, மனநல மருத்துவர் மட்டும் கிடையாது. உயிர் வெறுத்துப் போனவர்களை ஷெரீஃபின் காரில், திருடனை ஏற்றும் அதே பின்சீட்டில் ஏற்றி, நாலு மணி நேரத் தொலைவிலுள்ள நகரத்துக்கு அனுப்புவார்கள். அப்படி அனுப்பி அனுப்பி மனம் நொந்துதான் கோரின் நாற்பத்தாறு வயதில் மறுபடி மாணவியானாள். மனநோய்க்குத் தானே மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமையுள்ள நர்ஸ் ஆவதற்கான மேல்படிப்பு. பல்கலைக்கழகம் எங்கோ வேறு மாநிலத்தில் இருந்தது. வகுப்பு, தேர்வு, திட்டு, பாராட்டு எல்லாம் இணையத்தில்தான். காற்று வேகமாக அடித்தால் பேராசிரியை மெர்சர் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துவிடுவார்.

நேர்காணல் பயிற்சிக்கு ஒரு விதி இருந்தது. வீட்டு மனிதர் யாரையாவது நோயாளியாக உட்காரவைத்துப் பேசிப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடும். அதைத்தான் நடிக்க வேண்டும். சொந்தக் கதை பேசக் கூடாது. பேசினால் அங்கேயே நிறுத்தி, அந்தப் பதிவை அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவர் வீட்டு அந்தரங்கம் ஊர் பேர் தெரியாத வாத்தியார்கள் கையில் போகக் கூடாது என்பதற்காக வந்த விதி. நல்ல விதிதான், அதில் குற்றம் சொல்ல முடியாது.

கோரினின் கணவன் டக் எண்ணெய் வயலில் டேங்கர் ஓட்டுபவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். ஆகவே இரண்டு வருஷமும் ஆர்லன்தான் நோயாளி. அவனுக்கு வராத நோயே இல்லை. காதில் குரல் கேட்பவனாக நடித்தபோது, "அந்தக் குரல் என்ன சொல்லுது?" என்று கோரின் கேட்க, "செருப்பைத் தொடச்சிட்டு வாடான்னு சொல்லுதும்மா. கேட்டா என் அக்கா குரல் மாதிரியே இருக்கு" என்றான். தலைகால் புரியாத உற்சாக நோய்க்காரனாக நடித்தபோது ஒரே நாளில் மூன்று ஹெலிகாப்டர் வாங்கினான். குடிகாரன் வேஷம் என்றதும் தத்ரூபமாக இருக்கட்டும் என்று ஒரு பீர்ப் பெட்டியோடு வந்து நின்றான். கோரினுக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தை நர்ஸ் முகமாக வைத்திருப்பதே பெரும்பாடு. அந்த முகத்துக்கும் மதிப்பெண் உண்டு.

இரண்டாம் வருஷம் கோடையில் மழை பொய்த்தது. அதற்கு முந்தின வருஷமும் பொய்த்திருந்தது. புல் இல்லை, வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. செப்டம்பரில் ஆர்லன் தன் மாட்டு மந்தை முழுவதையும் ஏலத்துக்கு ஓட்டினான். அப்பா வைத்துவிட்டுப் போன மந்தை, அதற்கு முன் தாத்தாவுடையது. ஏலம் முடிந்து வந்தவனிடம், "எப்படிடா இருக்க?" என்று கோரின் கேட்டாள். "காலையில தூங்கலாம் அக்கா, பெரிய சௌகரியம்" என்றான். அந்த ஊர் ஆண்பிள்ளைகள் கை முறிந்தாலும் அப்படித்தான் பேசுவார்கள். அவளும் அந்த ஊர்க்காரிதான், அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

அக்டோபரில் மனச்சோர்வு நோய்க்கான பயிற்சி வந்தது. அதுதான் கடைசி நேர்காணல். அது முடிந்தால் வசந்தத்தில் தேர்வு, பிறகு வேலை. காகிதத்தில் இருந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மனைவி பிரிந்து போனவர், தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை. சாகும் எண்ணம் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். அன்றைக்குள் அனுப்பியாக வேண்டும். மேற்கே புழுதி எழும்பிக்கொண்டிருந்தது, காற்று வலுத்தால் இணையம் போய்விடும். அடுப்பில் உருளைக்கிழங்கும் கறியும் அடுக்கிய ஹாட்டிஷ் வெந்துகொண்டிருந்தது. ஆர்லன் காகிதத்தை ஒரு தரம் பார்த்து மடியில் கவிழ்த்து வைத்தான். அன்றைக்கு என்ன கோளாறு என்று அவன் கேட்கவில்லை. கோரின் அதைக் கவனிக்கவில்லை.

"முன்னெல்லாம் ஆசையா செஞ்ச வேலைங்க, இப்ப எப்படி இருக்கு?" என்று தொடங்கினாள்.

அவன் காகிதத்தைத் திருப்பவில்லை. மெல்லச் சொன்னான். "காலையில இருட்டோட முழிப்பு வந்துடுது. எழுந்து பூட்ஸை மாட்டிக்கிட்டுக் கதவு வரைக்கும் போறேன். கதவுல கைய வச்சப்புறம்தான் ஞாபகம் வருது, வெளிய தீனி போட ஒண்ணும் இல்லேன்னு. அப்புறம் அப்படியே உக்காந்துடறேன். பூட்ஸோடயே. இருட்டற வரைக்கும்."

பையன் தேறிவிட்டான் என்று கோரின் மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். இவ்வளவு நாள் கோமாளித்தனம் பண்ணியவனுக்குக் கடைசியில் நடிப்பு வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டாள்.

"வாய்விட்டுச் சொன்னா சிரிப்பாங்க," என்று அவன் தொடர்ந்தான். "அந்த சத்தம் இல்லாம என்னால இருக்க முடியல. மாடுங்க ராத்திரி மூச்சு விடற சத்தம். வீட்டுக்குள்ள படுத்தாலும் கேக்கும். இப்ப..."

கோரின் பதிவை நிறுத்தினாள். "டேய், நீ வாத்தியாரு. வாத்தியாருக்கு ஏதுடா மாடு?"

"வாத்தியாரு மாடு வளக்கக் கூடாதா?"

"காகிதத்துல இல்ல. சொந்தக் கதையைக் கலந்தா மார்க்கே கிடையாது, முதல்லயே சொல்லியிருக்கேன்ல. காத்து வேற கிளம்புது, விளையாடாத. காகிதத்துல இருக்கறதை மட்டும் சொல்லு."

ஆர்லன் அவளைப் பார்த்தான். பிறகு மடியிலிருந்த காகிதத்தைத் திருப்பினான். "சரி அக்கா. காகிதத்துல உள்ளபடி" என்றான்.

விதிப்படி முதல் பதிவை அவள் அழித்தாள். இரண்டாம் முறை ஆர்லன் அருமையான வாத்தியாராக இருந்தான். மனைவி போனதைச் சொன்னான், பரீட்சைத் தாள்கள் திருத்தாமல் குவிந்து கிடப்பதைச் சொன்னான். கடைசிக் கேள்வியைக் கோரின் பாடத்தில் சொன்னபடியே நேராக, தயங்காமல் கேட்டாள். "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?"

அவன் குனிந்து காகிதத்தைப் பார்த்தான். "இல்லம்மா. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றான்.

காற்று வருவதற்குள் பதிவை அனுப்பிவிட்டாள். சாப்பிட்டார்கள். ஆர்லன் கொஞ்சமாகத்தான் தின்றான், மிச்சத்தை அவள் பாத்திரத்தில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். வாசலில் தொப்பியை எடுத்துக்கொண்டு நின்றவன் கேட்டான்.

"அந்த வாத்தியாருக்கு என்ன மருந்து குடுப்ப, அக்கா?"

அவளுக்குத் தெரிந்த கேள்வி. மருந்தின் பெயரைச் சொன்னாள், எவ்வளவில் தொடங்கி எவ்வளவாகக் கூட்டுவது என்று சொன்னாள். "ஆனா உடனே கேக்காது. ஆறு வாரம் பொறுக்கணும்" என்றாள்.

"ஆறு வாரமா. வாத்தியாருக்குப் பொறுமை ஜாஸ்திதான்" என்று சிரித்துவிட்டு அவன் வண்டியில் ஏறிப் போனான்.

ஆறு வாரம் ஆகவில்லை. நவம்பரின் முதல் பனி விழுந்த வாரத்தில் ஆர்லன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். பக்கத்துப் பண்ணைக்காரர் போய்ப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போன் செய்தார். அந்த போனை எடுத்தவளும் கோரின்தான், அன்று அவளுக்குப் பகல் வேலை.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. கேலிக்காகச் சொல்வது. கோரினைப் பார்த்திருந்தால் அந்தக் கேலி யாருக்கும் வாயில் வராது. அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழறையில் பெண்கள் பன்றிக்கறி சாண்ட்விச்சும் காப்பியும் பரிமாறினார்கள். ஒவ்வொருவராக வந்து, "முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்தப் பிள்ளை" என்று அவள் கையைப் பிடித்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். சொன்னான், நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? டக்கிடம்கூட அவள் சொல்லவில்லை.

அந்த வாரமே மதிப்பெண் வந்திருந்தது. முழு மதிப்பெண். கீழே பேராசிரியை மெர்சர் ஒரு வரி எழுதியிருந்தார், "உங்கள் நோயாளி மிகவும் நன்றாக ஒத்துழைத்தார்." கோரின் அதைப் படித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துண்டை அடைத்து அழுதாள். அழித்த பதிவைத் தேடித் தேடிப் பார்த்தாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல, அழித்தது அழித்ததுதான். அவள் கையில் மிஞ்சியது வாத்தியார் மட்டும். தம்பியின் முகம், தம்பியின் குரல், யாரோ எழுதிய வார்த்தைகள்.

தேர்வைத் தள்ளிப் போடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் இன்னும் இரண்டு பேரை அவள் கையாலேயே ஷெரீஃபின் காரில் ஏற்றி அனுப்பியிருந்தாள். படித்து முடிக்காவிட்டால் ஆர்லனுக்குச் செய்த பாவம் இன்னும் பெருகும் என்று நினைத்தாள். முடித்தாலும் தீராது என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஏப்ரலில் நேர்காணல் தேர்வு. இதில் வீட்டு மனிதர் இல்லை. பல்கலைக்கழகம் கூலிக்கு அமர்த்திய நடிகை ஒருத்தி திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது இருக்கும், நரைத்த முடி, தோளில் கம்பளிச் சால்வை. கணவனை இழந்தவள் வேஷம். தேர்வு வைப்பவர்கள் முகம் காட்டாமல் கவனித்துக்கொண்டிருந்தார்கள். திரையின் மூலையில் மீதி நேரம் ஓடியது.

கோரின் ஒரு தவறும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தாள். தூக்கம் கேட்டாள், பசி கேட்டாள், மருந்து மாத்திரை கேட்டாள். கடைசிக் கேள்விக்கு வந்தாள். "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?"

அந்த அம்மாள் குனிந்தாள். மேசைக்குக் கீழே எதையோ பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இல்லம்மா. அப்படி ஒண்ணும் தோணல."

அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். கோரின் போகவில்லை. நேரம் ஓடியது.

"கீழ என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"என்னது?"

"காகிதத்தைப் பாத்துத்தானே சொன்னீங்க. அதைக் கீழ வைங்க."

அந்த அம்மாள் திகைத்தாள். வேஷத்தை விடாமல், "எனக்குப் புரியலையே டாக்டர்" என்றாள்.

"அதுல என்ன வேணா எழுதியிருக்கட்டும். எனக்கு அது வேண்டாம்." கோரினின் குரல் உடைந்துவிட்டது. "நீங்க சொல்லுங்க. உங்க கதைய, உங்க வீட்டுக் கதைய. மாடு வளத்திருந்தா மாட்டைப் பத்திச் சொல்லுங்க. நான் நிறுத்த மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் கேக்கறேன். தயவுசெஞ்சு சொல்லுங்க."

முகம் காட்டாதவர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "மாணவி பயிற்சிக்கு வெளிய போறாங்க" என்றார். கோரின் காதில் அது விழவில்லை.

திரையிலிருந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசைக்குக் கீழேயிருந்து காகிதத்தை எடுத்து, கோரினுக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டி, ஓரமாக வைத்தாள். சால்வையையும் கழற்றிவிட்டாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் கண்ணு," என்றாள். அது வேறு குரலாக இருந்தது. "சத்தியமா. எங்க வீட்டுக்காரர் அடுத்த ரூம்ல டிவி பாத்துக்கிட்டிருக்கார். எனக்கு ஒரு குறையும் இல்ல."

கோரின் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"நீ எப்படிம்மா இருக்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

கோரின் குனிந்து மடியைப் பார்த்தாள். அங்கே காகிதம் எதுவும் இல்லை. "நான் நல்லா இல்ல" என்றாள். "எனக்கு ஒரு தம்பி இருந்தான்."

மூலையில் நேரம் முடிந்து சிவப்பாக மின்னியது. அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துத் திரைக்குக் கிட்டே வந்து உட்கார்ந்தாள். "சொல்லு" என்றாள்.