எழுபது கம்பெனிகளும் ஒரு கல்லூரிக் கட்டணமும்

மகள் கல்லூரியில் சேர இன்னும் இரண்டே வருடம். அதற்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை எங்கே போடுவது என்று, அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் ஷிப்ட் சூப்பர்வைசர் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். வங்கியில் வேலை பார்க்கும் தம்பி இ.டி.எஃப். என்ற பங்குச்சந்தை ஃபண்டு ஒன்றைக் காட்டியிருந்தான்.

"ஒரு யூனிட் வாங்கினா எழுபது தொழில்துறைக் கம்பெனில உனக்குப் பங்குக்கா. செலவும் ரொம்பக் கம்மி."

யார் அந்த எழுபது பேர் என்று பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. பார்த்தாள். ஃபண்டின் பாதிப் பணம் முதல் பத்துக் கம்பெனிகளிலேயே இருந்தது. மறுநாள் வேலைக்கு நடுவே மெஷின்களின் பெயர்த்தகடுகளைக் குனிந்து குனிந்து படித்தாள். கன்வேயர், ஃபோர்க்லிஃப்ட், கம்ப்ரஸர் எல்லாவற்றையும் செய்த கம்பெனிகள் அந்தப் பத்தில் இருந்தன. தெரிந்த முகங்கள்தான் என்று மனது லேசானது.

கம்ப்ரஸரைச் சர்வீஸ் செய்ய வந்த மெக்கானிக்கிடம் கேட்டாள்: "உங்க கம்பெனி எப்படிங்க?"

"விசாரிக்கிறதைப் பார்த்தா மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி இருக்கே மேடம்."

"பணம் போடலாமான்னு பார்க்கிறேன்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "நல்ல கம்பெனிதான். ஆனா போன மந்தத்துல நீங்க ஒரு ஷிப்டை நிறுத்துனீங்களே, எங்களையும் வீட்டுல உட்கார வெச்சுட்டாங்க. நீங்க ஓடினாதான் நாங்க ஓடுவோம்."

அந்த வருடம் அவள் கணவன் ஓட்டும் சரக்கு லாரியும் மாதக்கணக்கில் டெப்போவில் நின்றது அவளுக்கு நினைவு வந்தது.

சாயங்காலம் தம்பியை அழைத்தாள். "ஃபண்டுல குறை இல்லடா. ஆனா எங்க ரெண்டு பேர் சம்பளமும் ஏற்கெனவே அதுலதான் இருக்கு."

"சம்பளம் எப்படிக்கா ஃபண்டுல இருக்கும்?"

"ஆர்டர் குறைஞ்சா என் ஷிப்ட் போகும், உங்க மாமா லாரி நிக்கும். அதே நேரத்துல உன் எழுபது கம்பெனியும் இறங்கும். பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டுற வருஷம் மூணும் சேர்ந்து படுத்துட்டா?"

"இறங்கினது ஏறும்க்கா."

"ஏறும். அதுவரைக்கும் காலேஜ் காத்திருக்குமா?"

அவள் வங்கிப் பாஸ்புக்கை எடுத்துப் பிரித்தாள்.

"ஃபீஸ் பணத்தை டெபாசிட்லயே போட்டுடுறேன்," என்றாள். "அடுத்த வருஷம் போனஸ் வந்தா உன் ஃபண்டைப் பத்தி யோசிக்கலாம்."

"சரிக்கா," என்றவன் ஃபோனை வைக்கவில்லை. "நான் இதுவரைக்கும் சேர்த்த பணம் எல்லாமே, சம்பளம் தர்ற எங்க பேங்க் ஷேர்லயேதான்க்கா இருக்கு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எப்போலேருந்துடா? முதல்லேருந்து சொல்லு."