அளக்காத பிரஷர்

உமைராவுக்குக் காலையிலேயே எரிச்சல் தொடங்கிவிட்டது. வத்தல்மலை அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், புதிதாகச் சேர்ந்த நர்சுகளுக்கு டேப் கணினியில் நோயாளி விவரம் பதியக் கற்றுத்தருவது அவள் பொறுப்பு. பழகுவதற்குக் கற்பனைப் பெயர்கள் கொடுங்கள் என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். மலையில் இருக்கும் நிஜக் கர்ப்பிணிகளின் பெயர்களை வைத்தே நடத்தச் சொல்லிவிட்டார்கள்.

"சிஸ்டர், பிரஷர் போடாம அடுத்த பக்கம் போகமாட்டேங்குது," என்றாள் புது நர்ஸ் கலைமதி.

உமைரா வாய் திறப்பதற்குள், மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி மதியழகன் முந்திக்கொண்டார். "நூத்திப்பத்துக்கு எழுபதுன்னு போட்டு சேவ் பண்ணும்மா. சாயங்காலம் ரிவ்யூ. பாக்கின்னு ஒண்ணும் காட்டக் கூடாது."

"யாருமே அளக்கலீங்க சார். எப்படிப் போடறது?" என்றாள் உமைரா.

"பழகத்தானே போடறாங்க? அப்புறமா மாத்திக்கலாம் சிஸ்டர்."

கலைமதி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். "இதை இப்பவே அழிக்கணும்" என்று உமைரா சத்தம் போட்டாள். அழிக்கும் அனுமதி மதியழகனிடம்தான் இருந்தது. அவரோ ஜீப் ஏறிப் போய்விட்டார். அவள் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

மதியம் மலையிலிருந்து முனியம்மாளை அவள் கணவன் குமார் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். நிறைமாதம், தாங்க முடியாத தலைவலி. சீட்டு போடும் இடத்தில் டேப்பைப் பார்த்த நர்ஸ், "காலையில பாத்தப்ப நார்மல்தானே? உக்காருங்க, கூப்பிடறோம்," என்றாள்.

"காலையில யாருங்க பாத்தாங்க? எங்க வூட்டுப் பக்கம் யாருமே வரலீங்களே!"

அந்தக் குரல் கேட்டு உமைரா வெளியே ஓடிவந்தாள். முனியம்மாளின் முகம் ஊதிக்கிடந்தது. கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் அளந்தால் நூற்று எழுபதுக்கு மேல். டாக்டரைக் கூப்பிடுவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. ஊசி போட்டு, ஆம்புலன்சில் ஏற்றித் தர்மபுரிக்கு அனுப்பினார்கள். தாய் பிழைத்தாள். அங்கே குறை எடையில் பிறந்த பெண் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியழகன் மெமோவோடு வந்தார். கலைமதியின் பெயருக்கு. அலட்சியமாகத் தவறான விவரம் பதிந்தாளாம்.

உமைரா அதை வாங்கிப் படித்தாள். அவர் கண் முன்னாலேயே கிழித்தாள்.

"என்ன சிஸ்டர் இது? வேலை போயிடும்!"

"போகட்டும் சார். போடுன்னு சொன்ன வாய் உங்களுது. பழி மட்டும் இந்தப் பொண்ணுக்கா? அந்தக் கொழந்தைய ஒரு தடவை போய்ப் பாத்தீங்களா நீங்க?"

உமைரா நர்சுகள் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் டேப்பைத் திறங்க. நேத்துப் போட்ட ஒவ்வொரு பேருக்கும் கீழ குறிப்புல எழுதுங்க: அளக்கவில்லை, அதிகாரி மதியழகன் சொன்னதால் போட்டோம்."

முதலில் எழுதியவள் கலைமதிதான்.

அந்தக் குறிப்புகள் மேலிடம் வரை போயின. கலைமதிக்கு வேறு மெமோ வரவில்லை. மதியழகனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். உமைராவிடமிருந்து பயிற்சிப் பொறுப்பைப் பிடுங்கி, அவளை ஏரியூர் நிலையத்துக்கு மாற்றினார்கள். குழந்தை தேறி வீட்டுக்குப் போய்விட்டது என்று கலைமதி போனில் அழுதுகொண்டே சொன்னாள். உமைராவுக்கும் கண் கலங்கியது. ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.