முகமூடிக்குள் ஒரு மீசை

அக்கா படம் போடுவாள், தம்பி அச்சடிப்பான். ஒரே அறைதான் அவர்களுடைய அச்சகம். ஒருநாள் தீயணைப்பு நிலைய அதிகாரி வந்து, "வீட்ல தீப்பிடிச்சா என்ன செய்யணும்னு சின்னப் பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி ஒரு துண்டுப்பிரசுரம் வேணும்மா" என்று இரண்டு பக்கம் நிறைய எழுதிய தாளை நீட்டினார். மீசை முறுக்கு, பேச்சோ பஞ்சு.

அக்கா ஈவிரக்கமில்லாமல் வெட்டித் தள்ளினாள். மிஞ்சியது நாலே வரி. குனிந்து தவழ்ந்து வெளியே வா. எங்கேயும் ஒளியாதே. பொம்மையை எடுக்கத் திரும்பிப் போகாதே. தீயணைப்பு மாமா கூப்பிட்டால் அவரிடம் போ. கடைசி வரிக்கு, புகைக்குள்ளிருந்து ஒருவர் வருகிற படம்: தலைக்கவசம், முகமூடி, முதுகில் காற்று உருளை. மூன்று நாள் உழைப்பு.

மாதிரித் தாளை மகளிடம் காட்டினாள். ஐந்து வயதுதான், வாய் மட்டும் ஐம்பது. மூன்று படங்களுக்குச் சிரித்தவள், நாலாவதைக் கண்டதும் தாளைக் கவிழ்த்துவிட்டாள்.

"ஏன்டி?"

"பூதம்!"

"காப்பாத்த வர்ற மாமாடி. இவர் வந்தா என்ன பண்ணுவே?"

"கட்டிலுக்கு அடியில போயிடுவேன்."

அக்கா தாளைக் கீழே வைத்தாள். உடனே அதிகாரிக்குப் போன் போட்டாள். மகள் சொன்னதைக் கேட்டதும் அவர் சொன்னார்:

"போன வருஷம் ஒரு பையன், நான் கூப்பிடக் கூப்பிட அலமாரிக்குள்ள போய் ஒளிஞ்சான். எப்படியோ தூக்கிட்டு வந்துட்டேன், நல்லா இருக்கான். ஆனா என்னைப் பார்த்துத்தான் பயந்தான்னு இப்பதாம்மா உறைக்குது."

"அச்சுப் பிளேட்டெல்லாம் போட்டாச்சே!" என்று தம்பி தலையில் கை வைத்தான்.

"வேற போடுடா. இதை அச்சடிச்சா பிள்ளைங்களை நாமே ஒளிய வைக்கிற மாதிரி."

மறுநாள் அதிகாரி உடுப்பை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, குழந்தை எதிரில் ஒவ்வொன்றாக மாட்டினார். முகமூடி ஏறியதும் மூச்சு 'உஸ்ஸ், உஸ்ஸ்' என்றது. அவள் அம்மாவின் பின்னால் பதுங்கினாள்.

"பாப்பா, உள்ள யாரு இருக்கா?"

தலை மட்டும் எட்டிப் பார்த்தது. "மீசை மாமாவா? மீசை எங்கே?"

"உள்ள மாட்டிக்கிட்டு கூசுதும்மா!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் தலைக்கவசத்தைக் கேட்டு ஒரே அடம்.

அக்கா அதையே வரைந்தாள்: வெறும் முகத்தோடு மாமா, உடுப்போடு மாமா, முகமூடியோடு மாமா, நீட்டிய கை. கீழே 'உள்ளே இருப்பது மாமாதான்' என்ற ஒரு வரி. முணுமுணுத்துக்கொண்டே பிளேட்டை மாற்றிய தம்பி, முதல் தாள் வெளியே வந்ததும் அதைப் பார்த்துப் பல்லிளித்தான்.

பள்ளியில் ஒரு வகுப்பில் எல்லாருக்கும் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போன அதிகாரி, முழு உடுப்பில் குனிந்தபடி வகுப்புக்குள் நுழைந்தார். குழந்தைகள் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் முப்பது குரல்கள் ஒன்றாக, "மீசை மாமா!" காலைக் கட்டியவர்கள் பாதி, கையைப் பிடித்துத் தொங்கியவர்கள் மீதி. நிற்க முடியாமல் அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வகுப்பு டீச்சர் வாசலில் வந்து நின்றார். "எங்களுக்கும் கிடைக்குமா?"

"இதோ, ஒரு மணி நேரத்துல!" என்று கூட வந்திருந்த தம்பி அச்சகத்துக்கு ஓடினான்.