எறும்பு கடித்த மாதிரி

எங்கள் பெரிய டாக்டர் குழந்தைகளின் எலும்பைச் சேர்ப்பதில் கெட்டிக்காரர். குழந்தைகளிடம் பொய் சொல்வதில் அதைவிடக் கெட்டிக்காரர். பத்தொன்பது வருடமாக அவருடைய ஆபரேஷன் தியேட்டரில் நர்சாக இருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்த உரிமையில் சொல்கிறேன்.

தொடை எலும்பு உடைந்து ஒரு பிள்ளை வந்தால் முதலில் பெற்றோரை உட்கார வைப்பார். மேசை டிராயரிலிருந்து ஒரு ஜூஸ் ஸ்ட்ராவையும் லேசாக வளைத்த இரண்டு கம்பிகளையும் எடுப்பார்.

"இந்த ஸ்ட்ராதான் எலும்பு. இது டைட்டானியம் கம்பி, வளைஞ்சு கொடுக்கும், உடையாது. முட்டிக்கு மேல ரெண்டு பக்கமும் சின்னதா ஓட்டை போட்டு உள்ள விடுவோம். ஒண்ணு இந்தப் பக்கம் முட்டுக் கொடுக்கும், இன்னொண்ணு அந்தப் பக்கம். நடுவுல எலும்பு தானா ஒட்டிக்கும். இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைக்க வேண்டாம்."

அப்புறம் பிள்ளையின் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்ல கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்பார்.

எனக்கு அந்த எறும்பின் மேல்தான் கோபம். மயக்கம் தெளிந்த பிள்ளைகள் "எறும்பா இது?" என்று என்னைப் பார்த்துத்தான் அலறும். அதற்குள் அவர் அடுத்த வார்டுக்குப் போயிருப்பார். வாங்கிக் கட்டிக்கொள்வது நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. ஸ்ட்ரெச்சரில் அவருடைய எட்டு வயது மகள். நாங்கள் எல்லாரும் வாலு என்று கூப்பிடும் பெண். மைதானத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். "விடமாட்டேன், விடமாட்டேன்" என்று சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடியவர், போன் அடித்ததும் விட்டுவிட்டார். போன் செய்தது நான்தான். திங்கட்கிழமை ஆபரேஷன் லிஸ்ட் பற்றி ஒரு சந்தேகம் கேட்கக் கூப்பிட்டேன்.

வலது தொடை எலும்பு சரியாக நடுவில் உடைந்திருந்தது. வலிக்கு ஊசி போட்டுக் காலைப் பலகையில் கட்டினோம். சொந்தப் பிள்ளைக்குத் தான் கத்தி எடுக்கக் கூடாது என்று அவருக்கே தெரியும். அவரிடம் வேலை பழகிய சின்ன டாக்டரம்மாவை வரவழைத்தோம். அந்தப் பெண் வந்ததும் டிராயரைத் திறந்தாள்.

"உட்காருங்க சார். இந்த ஸ்ட்ராதான் எலும்பு."

"எனக்கேவா?"

"இன்னிக்கு நீங்க அப்பா சார்."

உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளை என் காதால் கேட்டிருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

"கம்பி உள்ளேயே உடைஞ்சிட்டா?"

"உடையாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க."

"அவ வளருவாளே?"

"எலும்பு வளர்ற இடத்தைத் தொடாமதான் போடுவோம். எலும்பு நல்லா சேர்ந்ததும் அடுத்த வருஷத்துக்குள்ள எடுத்துடலாம்."

"ஏர்போர்ட்ல சத்தம் போடுமா?"

இதே கேள்வியைக் கேட்ட ஒரு தகப்பனை ஒரு வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் இவர். நான் பஞ்சு எடுப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

"நீ இதுவரைக்கும் எத்தனைம்மா பண்ணியிருக்கே?"

"அறுபத்து மூணு சார். அதுல அம்பதுக்கு நீங்க பக்கத்துல நின்னு கத்தினீங்க."

சம்மதப் படிவத்தில் பழக்க தோஷத்தில் டாக்டர் கையெழுத்து போடும் இடத்தில் போட்டார். வேறு படிவம் கொடுத்தேன். அதிலும் அங்கேயே போட்டார். வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த அவர் மனைவி வழியிலிருந்து போன் செய்தார். "சிஸ்டர், நான் வர்ற வரைக்கும் அவரை எங்கயாவது கட்டிப் போடுங்க."

தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. பெற்றோர் அதைத் தாண்டக் கூடாது. ஒருமுறை ஒரு தகப்பன் உள்ளே வந்து மயங்கி, கருவித் தட்டோடு சேர்ந்து விழுந்த பிறகு பெரிய டாக்டரே போட வைத்த கோடு. ஸ்ட்ரெச்சர் அங்கே வந்ததும் வாலு கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரல."

"ஒண்ணுமில்ல கண்ணு," என்று ஆரம்பித்தார் அவர். "எறும்பு..."

"எறும்புன்னு சொல்லாதீங்கப்பா. நீங்க வீட்ல அம்மாகிட்ட சொல்லிச் சிரிப்பீங்க, எனக்குத் தெரியும். சைக்கிளை விடமாட்டேன்னும்தான் சொன்னீங்க. நிஜமா சொல்லுங்க. வலிக்குமா?"

எத்தனையோ பிள்ளைகளிடம் வாய் கூசாமல் பேசியவர் ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்தார். எனக்கு அவர் மேல் முதல்முறையாகப் பரிதாபம் வந்தது. இப்போது ஒரு பொய் சொன்னால், அப்புறம் அவர் எது சொன்னாலும் மகள் நம்பப் போவதில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"வலிக்கும்," என்றார். "உள்ள தூங்கிடுவே, அப்ப தெரியாது. எழுந்ததும் வலிக்கும். மூணு நாலு நாள் நல்லாவே வலிக்கும். மருந்து கொடுப்போம், இருந்தாலும் கொஞ்சம் வலிக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிடும்."

வாலு கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"சரி, போலாம். ஆனா நான் தூங்குற வரைக்கும் கையை விடக் கூடாது."

அவர் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு தொப்பியை எடுத்து அவர் தலையில் மாட்டிவிட்டேன்.

மயக்க மருந்து முகமூடியை வைத்து இருபது வரைக்கும் எண்ணச் சொன்னார்கள். ஒன்பதில் அவள் குரல் நின்றது.

"தூங்கிட்டா சார். கையை விடுங்க."

"நிஜமாவே தூங்கிட்டாளா?"

"சார்!"

"இன்னொரு தடவை பாருங்க சிஸ்டர்."

கடைசியில் அவர் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, கையில் அந்த ஸ்ட்ராவையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐம்பது நிமிடத்தில் இரண்டு கம்பியும் உட்கார்ந்துவிட்டன. எக்ஸ்ரேயில் எலும்பு நேராக நின்றது. கத்த ஆள் இல்லாததால் அறுபத்து நாலாவது சீக்கிரமே முடிந்ததாகச் சின்ன டாக்டரம்மா சொன்னாள்.

மயக்கம் தெளியும் அறைக்கு அவரைக் கூட்டி வந்தேன். ஸ்ட்ரா நசுங்கி நாராகியிருந்தது. வாலு கண்ணைத் திறந்தாள், முகத்தைச் சுளித்தாள், கண்ணீர் வழிந்தது. வழக்கம்போல வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயாரானேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணாலேயே அப்பாவைத் தேடிப் பிடித்தாள்.

"வலிக்குதுப்பா," என்றாள். அப்புறம் அழுகையோடேயே என் பக்கம் திரும்பி, பெருமை தாங்காமல் சொன்னாள். "அத்தை, அப்பா சொன்ன மாதிரியே வலிக்குது!"