தொட்டிலில் வைத்த தண்ணீர்

"கயித்த அறுத்துடாதீங்க மாமி. முடிச்ச அவிழ்த்துடலாம்."

பௌசியா சொல்வதற்குள் ரஹ்மத்து மாமி கையில் கத்தியோடு முக்காலி மேல் ஏறிவிட்டாள். கீழே கட்டிலில் பௌசியாவின் வாப்பாவை வெள்ளைத் துணியால் மூடிக் கிடத்தியிருந்தார்கள். அவர் தலைக்கு நேர் மேலே, உத்தரத்தில், அவரே மாட்டிய தொட்டில் தொங்கியது.

"அவிழ்க்க நேரம் இருக்கா புள்ள? ஆம்புளைங்க வந்து மய்யித்தத் தூக்குறப்போ தலையில இடிக்கும்."

"இருங்க. உள்ள தண்ணி இருக்கு."

பௌசியா ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி எட்டி, தொட்டிலுக்குள்ளிருந்த கண்ணாடிக் கிளாஸை எடுத்தாள். பாதிக்கு மேல் தண்ணீர். விடியற்காலையில் வாப்பா வைத்தது. கொட்ட மனம் வரவில்லை. விளக்கு மாடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

மாமி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். வாப்பாவுக்கு அக்கா அவள். "எங்க தம்பி போடுற முடிச்சு. சைத்தான்கூட அவிழ்க்க மாட்டான்," என்று முணுமுணுத்தவள், சட்டென்று முக்காலியிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

போன தடவை பௌசியாவுக்குப் பிள்ளை பிறந்ததும் இந்த வட்டகொடை வீட்டில்தான். வீட்டோடு சேர்ந்த வாப்பாவின் கடைக்கு முன்னால் தண்டவாளம். ரயில் போகும்போதெல்லாம் கடையில் பிஸ்கட் டின்கள் கடகடக்கும், பிள்ளை இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு அலறும். நாற்பது நாள் கழிந்து புருஷன் வீட்டுக்கு, கம்பளைக்குக் கொண்டுபோனாள். அங்கே காய்ச்சல் வந்து அது போய்விட்டது. துக்கம் கேட்க வந்த மாமி எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "ரயிலடியில பொறந்த புள்ள. ஒரு நாளாச்சும் அசந்து தூங்கிச்சா? திடுக்கிட்டுத் திடுக்கிட்டே போயிடுச்சு."

வாப்பாவும் அதைக் கேட்டார். பௌசியா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், கடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையைக் காலி செய்யத் தொடங்கினார்.

தண்டவாளத்துக்குத் தூரமான அறை அதுதான். கருவாட்டு மூட்டையையும் மாவு மூட்டையையும் முன்னால் மாற்றினார். கருவாட்டு வாடை போக ஒரு வாரம் சாம்பிராணி போட்டார். தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் பெட்டி அடிக்கும் அழகனிடம் கழித்துப் போட்ட பலகைகளை வாங்கி நாலு சுவரிலும் அறைந்தார். சுவருக்கும் பலகைக்கும் இடையில் மரத்தூளை அமுக்கி நிரப்பினார். முதலில் பலகையில் ஒட்டியிருந்த ஈயத்தாள் வெளியே தெரியும்படி அடித்துவிட்டதில் அறை முழுக்கப் பளபளத்தது.

"வாப்பா, தேயிலன்னு நெனச்சு யாராச்சும் புள்ளய லண்டனுக்கு அனுப்பிடப் போறாங்க," என்றாள் பௌசியா, பிரசவத்துக்கு வந்த அன்று.

வாப்பா சிரிக்கவில்லை. "வெளிச்சம் கண்ணுல அடிக்கும்ல?" என்று பலகைகளைக் கழற்றி, ஈயத்தாளை உள்பக்கம் திருப்பி மறுபடி அடித்தார். மாடத்தில் விளக்கு வைத்தால் ஒளி பிள்ளையின் முகத்தில் விழாமல் காலடியில் விழும்படி தொட்டிலின் இடத்தை மாற்றினார். கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துச் சாத்தினால் கிறீச்சிடாது என்று வீட்டிலிருந்த எல்லோருக்கும் சாத்திக் காட்டினார். லாரி டியூபை வெட்டி, அதிர்வு தொட்டிலுக்கு இறங்காதபடி கயிற்றுக்கும் கொக்கிக்கும் நடுவில் கட்டினார். பிறகு தொட்டிலில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருந்தார்.

"கரி எஞ்சினுக்குச் சரியா இருக்கு. இந்தப் புது டீசல்தான் பூமிக்குள்ளேயே உறுமுது. தண்ணி ஆடுது, பாரு."

ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து வந்து பார்த்தார். இன்று விடியற்காலைச் சாமான் ரயிலுக்கும் வந்திருக்கிறார்.

உம்மா அதை இதுவரை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "முக்காலியில உக்காந்து சுவத்துல சாஞ்சிருந்தாங்க. எத்தன நாளா சரியா ஒறக்கமில்லாத மனுசன், நல்லாத் தூங்கட்டும்னு போர்வையப் போத்தினேன். கதவத் தூக்கிச் சாத்திட்டு வந்துட்டேன்." வெகுநேரம் கழித்துத் தேத்தண்ணி கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு உம்மா பேசவில்லை. அழவுமில்லை. அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பத்து மணிவாக்கில் பின்வாசலில் வாப்பாவைக் கூப்பிடும் குரல் கேட்டது.

"நானா! என்ன, இன்னிக்குக் கடை தொறக்கலையா? மரத்தூளு கொண்டாந்திருக்கேன். நேத்து கேட்டுக் கேட்டு உசுர வாங்குனீங்களே..."

தலையில் கம்பளியும் அதன்மேல் ஒரு சாக்கு மூட்டையுமாக அழகன் மழையில் நின்றான். ராத்திரி வேலை முடிந்து தோட்டத்துக் குறுக்குப் பாதையில் வந்தவன். முன்பக்கம் கூடியிருந்தவர்களைப் பார்த்திருக்கவில்லை. பௌசியா வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே அவன் மூட்டையை இறக்கினான்.

"எப்ப தங்கச்சி?"

"விடிய."

அழகன் மூட்டையைக் கூரைக்குக் கீழே இழுத்து வைத்தான், தூள் நனைந்துவிடாதபடி. "கதவுக்குக் கீழ ஒரு பொந்து இருக்கு, அதுவழியா வருதுடா சத்தம்னாரு. இது புள்ளைக்கு அறையா, இல்ல பேங்கான்னு கேட்டேன். பேங்குல பணந்தாண்டா இருக்கும்னாரு." கம்பளியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இத இப்ப என்ன செய்யிறது?"

"இருக்கட்டும் அண்ணே," என்றாள் பௌசியா.

குளிப்பாட்டிக் கஃபன் துணி இட்டு, மதியம் லுகர்த் தொழுகைக்குப் பிறகு சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். அடக்க தலவாக்கலைப் பள்ளிவாசல் மையவாடிக்கு லாரி. பௌசியாவின் புருஷன் ஹமீத் கம்பளையிலிருந்து நேரே வந்து தோள் கொடுத்தான். லாரி வளைவில் திரும்பும்வரை பெண்கள் ஜன்னல் துணியை விலக்கிப் பார்த்தார்கள். பிறகு வீட்டில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

அடுப்படியில் இருந்த உம்மாவைக் காட்டி மாமிதான் முதலில் பேசினாள்.

"செரீபா இன்னிக்கே இத்தா இருக்கணும். நாலு மாசம் பத்து நாள் வேத்து ஆம்புளைங்க கண்ணுல படாம எங்க இருப்பா? முன்னால கடை. நாளைக்குத் தொறந்தா ஊரே வரும். அடுப்படிக்கு வெறகு கொண்டாரவன், தண்ணி கொண்டாரவன் எல்லாம் வாரான். அந்த அறதான் தோது. ஜன்னலும் மூடி இருக்கு. சத்தமும் கேக்காது. அல்லா அதுக்குன்னே கட்ட வச்ச மாதிரி."

பெண்கள் தலையை ஆட்டினார்கள்.

"பௌசியாவ ஹமீத் நாளைக்குக் கூட்டிட்டுப் போகட்டும். மவுத்தான வீட்டுல புள்ளத்தாச்சி எதுக்கு? முன்னால கடைப்பக்கத்துல போட்டு, மறுபடியும் ரயில் சத்தத்துல..." மாமி நிறுத்திக்கொண்டாள்.

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. பௌசியா அங்கே கையை வைத்துக்கொண்டாள். கம்பளை வீடு கண்முன் வந்தது. கடைத்தெருவுக்கு மேலே மாடி, மாமியார், கீழே லாரிகள். போன பிள்ளையின் தலையணை அங்கேதான் பெட்டியில் இருக்கிறது. வாப்பா கட்டிய அறையை நம்பித்தான் அவள் இங்கே வந்தாள். வாப்பாவை அடக்கப் போயிருக்கிற நேரத்தில் அறையைப் பற்றி நினைக்கிறோமே என்று கூசியது. உம்மாவுக்கு அது வேண்டும். எனக்கு வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? தலையைக் குனிந்து கொண்டாள்.

வெள்ளைச் சேலையை உடுத்தி விட்டபோது உம்மா சின்னப்பிள்ளைபோலக் கையைத் தூக்கிக் கொடுத்தாள். மாமி அவள் தோளைப் பிடித்து அறைக்குக் கூட்டிப்போனாள். கட்டிலை எடுத்துவிட்டுப் பாய் விரித்திருந்தது. உம்மா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். மேலே உத்தரத்தில் கொக்கி, அதில் ரப்பர்த் துண்டு வெறுமனே தொங்கியது.

"தொட்டில எங்க?"

காலையிலிருந்து கேட்காத குரல். மாமி திகைத்தாள்.

"கழட்டி வச்சிருக்கு. ஏன்?"

"மாட்டுங்க மதினி."

"செரீபா, நீ இத்தா இருக்கப் போற அற..."

"நான் ஒருத்தி எவ்வளவு எடத்த அடைச்சிக்கப் போறேன்? பொறக்குற புள்ள வேத்து ஆம்புளையா?" உம்மா பாயில் உட்கார்ந்தாள். "எம்மவ இங்கதான் பெத்துக்குவா. புள்ள இதுலதான் தூங்கும். நான் பாத்துக்குவேன். வேற வேலை என்ன இருக்கு எனக்கு?"

மாமி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கயிற்றை ரப்பரில் கோர்த்து முடிச்சுப் போட்டாள். அவிழ்த்து மறுபடி இறுக்கமாகப் போட்டாள். "நான் அன்னிக்கு ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன், செரீபா," என்றாள், கீழே பார்க்காமல். "அவன் அத மனசுல வச்சிக்குவான்னு..."

உம்மா முக்காலி ஆடாமல் அதன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

பௌசியா பின்வாசலுக்குப் போனாள். அழகன் வீட்டுக்குப் போகவில்லை. கூரைக்குக் கீழே குந்தியிருந்தான்.

"அண்ணே, அந்தத் தூளப் போட்டுருங்க."

அறைக் கதவுக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே ஒரு சேலையைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு, அழகன் நிலைக்கட்டைக்குக் கீழேயிருந்த பொந்தில் தூளை அள்ளித் திணித்தான். மேலே ஒரு பலகைத் துண்டை வைத்து, சாக்கை மடித்து ஆணித்தலையில் போட்டு அதன்மேல் தட்டினான். சத்தமே எழவில்லை. எழுந்து போகும்போது திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

இருட்டத் தொடங்கியது. பௌசியா கஞ்சி கொண்டுபோனாள். உம்மா இரண்டு வாய் குடித்துவிட்டு, தொட்டிலுக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்தாள். மாடத்தில் விளக்கு, பக்கத்தில் காலையில் வைத்த கிளாஸ். பௌசியா அதை எடுத்துத் தொட்டிலில் வைத்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள்.

நானுஓயாப் பக்கமிருந்து ரயில் இறங்கி வந்தது. டீசல். கடையில் பிஸ்கட் டின்கள் கடகடப்பது எங்கோ அடுத்த வீட்டில் போலக் கேட்டது. பௌசியா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு வட்டம் எழுந்தது. மெல்ல விரிந்து கண்ணாடியைத் தொட்டு மறைந்தது.

"இன்னும் லேசா ஆடுதும்மா," என்று சொல்லத் திரும்பினாள்.

உம்மாவின் வாய் சற்றுத் திறந்திருந்தது. கை பாய்க்கு வெளியே விழுந்து கிடந்தது.

பௌசியா போர்வையை எடுத்து அவள்மேல் போட்டாள். வாசல்வரை போய் நின்றாள். விளக்கு வெளிச்சத்தில் அந்தப் போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். இன்னொரு தடவை ஏறி இறங்கும்வரை நின்றாள்.

பிறகு கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துச் சாத்தினாள்.