ஒத்தைக் கொக்கி

கட்டில் வாங்கிப் போடுவது பெரிய வேலையா என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாடிப்படித் திருப்பத்தில் கட்டில் இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் வராமல் நிற்க, கீழே தாங்கிப் பிடித்திருக்கிற ஆள் "அக்கா, இடுப்பு போச்சு" என்று முனகும்போது வந்து பார்க்க வேண்டும். நான் மாரிக்கனி, சேத்தூர்க்காரி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரண்டு மூன்று நாள் வாடகைக்குத் தங்கிப் போகிற வீடுகளுக்குக் கட்டில், மெத்தை, சட்டி பானை, திரைச்சீலை எல்லாம் வாங்கிப் போட்டு, கதவைத் திறந்ததும் வந்து படுக்கலாம் என்கிற நிலைக்குக் கொண்டுவருவது என் பிழைப்பு.

போன ஆடியில் ஸாவித்ரி மாமிக்கு மூன்று வீடு முடித்துத் தர வேண்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமி குடியிருக்கிற வீட்டு மாடியில் ஓர் அறை. ராஜபாளையத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று. வத்திராயிருப்புப் பக்கம் மாந்தோப்புக்குள் நாலு படுக்கையறை வீடு ஒன்று. பின்னால் சொன்ன இரண்டும் வெளிநாட்டில் இருக்கிற அவருடைய தம்பிமாருடையவை. ஆண்டாள் கோயில் தேரோட்டத்துக்கு வருகிற கூட்டம் தங்க இடம் கிடைக்காமல் அலையும், அதற்குள் திறந்துவிட வேண்டும் என்று மாமி ஒற்றைக்காலில் நின்றார்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. சாவியைக் கொடுக்கும் முன் அந்த வீட்டில் ஒரு பகல் முழுக்க நானே இருந்து பார்ப்பேன். சமைப்பேன், குளிப்பேன், மதியம் ஒரு தூக்கம் போடுவேன். வாளி கைக்கு எட்டுகிறதா, ஃபேன் காற்று கட்டிலுக்கு வருகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மாமிக்கு இதில் ஒரு சந்தோஷம். "எங்க ஆண்டாளும் மாலையைத் தான் போட்டுப் பாத்துட்டுத்தான் பெருமாளுக்குக் குடுத்தா. நீ வீட்டையே போட்டுப் பாக்கறே" என்பார்.

எப்போதும் தனியாகத்தான் போட்டுப் பார்ப்பேன். இந்தத் தடவை என்னோடு இன்னோர் ஆளும் வந்தது. என் வீட்டுக்காரர் சேதுபதி, பட்டாளத்திலிருந்து சித்திரையில் ஓய்வு பெற்று வந்தவர். வந்த மனிதர் இனி வீட்டில் இருப்பார் என்று பார்த்தால், சென்னையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டார். தேரோட்டம் முடிந்ததும் கிளம்ப வேண்டும். பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கறுப்பு டிரங்குப் பெட்டியை அவர் இன்னும் காலி பண்ணவே இல்லை. சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வார், துவைப்பார், மடிப்பார், திரும்பப் பெட்டிக்குள் வைப்பார். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் காலால் ஓர் எத்து விடலாம் போலிருக்கும். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் லீவு முடிந்து அவர் ரயில் ஏறிய ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லாமல் விழுங்கிப் பழகிய வாய் இது. அவ்வளவு லேசில் வராது.

முதலில் மாமி வீட்டு மாடி அறை. கட்டில், மடக்கு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கொக்கி. சேதுபதி குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றார்.

"ஏட்டி, துண்டை எங்க போட?"

"அந்தா கொக்கி இருக்குல்லா."

"அதுல உன் சேலை தொங்குது."

"கதவு மேல போடுங்க."

போட்டார். "ரெண்டு பேரு தங்குற ரூமுக்கு ஒத்தைக் கொக்கி அடிச்சிருக்கியே" என்றார். பட்டாளத்து ஆள், எங்கே போனாலும் இன்ஸ்பெக்‌ஷன்தான் என்று நானும் காதில் வாங்கவில்லை. நாற்காலியும் ஒன்றுதான் இருந்தது. அவரை அதில் உட்காரவைத்துவிட்டு நான் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அடுத்தது ராஜபாளையம் வீடு. அங்கே என் தம்பி முத்துப்பாண்டி பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட் வைத்திருக்கிறான். துணி மெல்லிசு, காற்று நன்றாக வரும், சொந்தத் தம்பி என்பதால் விலையும் சகாயம். எல்லா ஜன்னலுக்கும் வெள்ளை வெளேரென்று அதையே திரையாகத் தைத்து மாட்டிவிட்டு, எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். சேதுபதி உள்ளே வந்தார். ஜன்னல்களைப் பார்த்தார். கட்டில் ஓரத்தில் அடக்கமாக உட்கார்ந்தார்.

"டாக்டர் எப்ப வருவாரு?" என்றார்.

சாயங்காலம் வரை அவரோடு நான் பேசவில்லை. ஆனாலும் மனிதர் சொன்னது சரிதான். மறுநாளே அத்தனையையும் கழற்றி நீலச் சாயம் போடக் கொடுத்தேன். அதை அவரிடம் சொல்வேனா? மாட்டேன். கிளம்பும்போது அவர் மறுபடியும் சுவரைப் பார்த்து, "இங்கயும் ஒத்தைக் கொக்கிதானா?" என்றார்.

"வாரவங்க பெட்டியிலயே வச்சுக்கிடட்டும். ரெண்டு நாள்ல போறவங்கதான" என்றேன் வெடுக்கென்று.

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

கடைசியாகத் தோப்பு வீடு. பெரிய வீட்டை இரண்டு பேர் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் என் மாமியார், கொழுந்தன் குடும்பம், முத்துப்பாண்டி குடும்பம் எல்லோரையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். நாலு அறையையும் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன். ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறத்தில் விரிப்பு, கட்டில் பக்கத்தில் விளக்கு. கறிக்குழம்பு சாப்பிட்டு முடித்ததும் ஒருத்தராவது அறைக்குள் போக வேண்டுமே. கொழுந்தன் பெண்டாட்டி வெள்ளத்தாய் ஒரு மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து ஹாலில் போட்டாள். பின்னாலேயே எல்லோரும் ஆளுக்கொரு தலையணையோடு வந்து வரிசையாகப் படுத்துவிட்டார்கள்.

"கட்டில் எதுக்குட்டி வாங்கிப் போட்டிருக்கேன்?" என்றேன்.

"தனித்தனியாப் படுக்கதுக்கு எதுக்குக்கா இம்புட்டுத் தூரம் வரணும்?" என்றாள் அவள், படுத்தபடியே.

அவள் கேட்டதும் நியாயம்தான். ஹாலுக்கு ஜமுக்காளம் வாங்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டு, கோபம் தீராமல் கடைசி அறையில் போய்ப் படுத்தேன். சேதுபதி வந்தார். சுவரைப் பார்த்தார். மற்ற மூன்று அறையையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தார்.

"எல்லாத்துலயும் ஒண்ணுதான்."

"ஆமா, ஒண்ணுதான். ஒரு கொக்கிக்கு எம்புட்டுப் பேச்சு? நாளைக்கு இன்னொண்ணு அடிச்சாப் போச்சு."

"நம்ம ரூம்ல எத்தனை இருக்கு மாரி?"

எங்கள் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. அதில் என் சேலை, என் பை, என் குடை.

"ஒண்ணு" என்றேன்.

"வந்த அன்னைக்கே பாத்தேன். சட்டையைக் கையில வச்சுக்கிட்டுச் செத்த நேரம் நின்னேன். பீரோவைத் தொறந்தா அதுலயும் உன் துணிதான். சரி, அவ இத்தனை வருசமா ஒரு மாதிரி அடுக்கி வச்சிருக்கா, நாம எதுக்குக் கலைக்கணும்னு பெட்டியிலயே வச்சிட்டேன்."

"நீங்க போகப்போறீய, அதான் பெட்டியைக் காலி பண்ணலைன்னுல்லா நான் நெனச்சேன்."

"எடம் இல்லைன்னுதான் சென்னைக்கே சொல்லிவச்சேன்."

எழுந்து உட்கார்ந்தேன். தனியாக இருந்தே பழகிய கை, எந்த வீட்டுக்குப் போனாலும் ஓர் ஆளுக்குத்தான் சாமான் போட்டிருக்கிறது. அதைத் தனியாகவே இருந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சாவியும் கொடுத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும்.

"வாயைத் தொறந்து கேட்டா என்ன? என் துணிக்கும் ஒரு எடம் குடுன்னு ஒரு வார்த்தை?"

"நீ போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"போகாதீங்க."

சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் ஹாலில் ஒரு சத்தமும் இல்லை என்பது உறைத்தது.

"அத்தான்," வெள்ளத்தாய் குரல் வந்தது, "அக்கா கேக்காவள்லா, பதிலைச் சொல்லுங்க. நாங்க தூங்கணும்."

"போகலை, தூங்குங்க" என்றார் அவர்.

மறுநாள் சென்னைக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போய் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொக்கி வாங்கிவந்தார். முதலில் எங்கள் அறையில் அடித்தார், என்னுடையதுக்குப் பக்கத்தில், நூல் பிடித்தது மாதிரி ஒரே உயரத்தில். நான் பீரோவில் பாதியைக் காலி பண்ணிக் கொடுத்தேன். பிறகு மூன்று வீட்டுக்கும் போனோம்.

தேரோட்டத்துக்கு முன்னால் மாமி தோப்பு வீட்டைப் பார்க்க வந்தார். ராஜபாளையம் வீட்டு நீலத் திரை நன்றாக இருக்கிறது, இங்கேயும் அதையே போடு என்றார். ஹால் நடுவில் டீப்பாய் மாதிரி போட்டிருந்த கறுப்பு டிரங்குப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். மேலே வெள்ளைப் பெயிண்டில் சேதுபதியின் பெயரும் நம்பரும் இருந்தன.

"இது உங்காத்துக்காரர் பெட்டின்னா? இதை ஏன் இங்கே கொண்டுவந்து போட்டே? அவருக்கு வேண்டாமோ?"

"வேண்டாம் மாமி" என்றேன்.

"உள்ளே என்ன வச்சிருக்கே?"

"ஜமுக்காளம்."